உருப்படிக் கணக்கும் நிமிஷக் கணக்கும்

வீட்டிலேயே துணி தேய்த்துக் கொடுக்கும் தொழில் தொடங்கலாமா என்று கேட்டு வரும் பெண்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான். "ஒரு சட்டைய எத்தனை நிமிஷத்துல முடிப்பீங்க?" எந்தப் பெட்டி வாங்கலாம், கையில் எவ்வளவு முதல் வேண்டும், துணி எங்கிருந்து வரும் என்றெல்லாம் யோசித்துக்கொண்டு வந்திருப்பார்கள். இந்தக் கேள்வியை மட்டும் யோசித்திருக்க மாட்டார்கள். போய் வீட்டிலிருக்கும் பத்துச் சட்டைகளைக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே தேய்த்துவிட்டு வாருங்கள், மற்றதைப் பிறகு பேசலாம் என்பேன். பாதிப் பேர் திரும்பி வருவதில்லை.

எனக்கு இந்த நிமிஷப் பித்து வந்தது மெப்ஸில். தாம்பரம் பக்கம் இருப்பவர்களுக்குத் தெரியும், 1984-ல் தொடங்கிய ஏற்றுமதி வளாகம் அது. கல்யாணத்துக்கு முன்னால் அங்கே ஓர் ஆயத்த ஆடை கம்பெனியில் அயர்னிங் செக்‌ஷனில் நின்றேன். ஆடைத் தொழிலில் எந்த வேலைக்கும் ஒரு நேரம் வகுத்து வைத்திருப்பார்கள். எஸ்.ஏ.எம். என்று பெயர். காலர் அழுத்த இவ்வளவு, கைப்பட்டிக்கு இவ்வளவு, மடித்து அட்டை வைக்க இவ்வளவு என்று கூட்டி, அந்த நிமிஷங்களை வைத்துத்தான் சட்டைக்கே விலை போடுவார்கள். சூப்பர்வைசர் கையில் ஸ்டாப்வாட்சோடு பின்னால் நிற்கும்போது எரிச்சலாக இருக்கும். அதைவிடப் பெரிய படிப்பு எனக்கு வேறெங்கும் கிடைக்கவில்லை.

வாழ்க்கைப்பட்டு வந்த வீட்டில் கணக்கு வேறு. மாமனார் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு தெருமுனையில் தேய்ப்பு வண்டி போட்டிருந்தார். அவருக்கு எல்லாமே உருப்படி. சட்டை ஓர் உருப்படி, வேட்டி ஓர் உருப்படி, குழந்தை கவுன் ஓர் உருப்படி. புடவைக்கு மட்டும் கொஞ்சம் கூட. அவர் தொழில் பழகிய காலத்தில் அது சரியாகவே இருந்திருக்கும். மூட்டையைப் பிரித்தால் சட்டை, பேண்ட், வேட்டி, இடையில் இரண்டு வாயில் புடவை. எல்லாம் ஏறக்குறைய ஒரே நேரம் பிடிக்கிற துணிகள்.

இப்போது மூட்டையைப் பிரித்துப் பாருங்கள். அனார்கலி இருக்கும்; கீழ்ச் சுற்றளவே ஒரு புடவை நீளம் வரும். லினன் சட்டை இருக்கும். ஒரு பக்கம் தேய்த்துத் திருப்புவதற்குள் மறுபக்கம் கசங்கும். எல்லாவற்றுக்கும் மேலே பள்ளிக்கூடப் பினஃபோர். கைக்குட்டையைவிடக் கொஞ்சம் பெரிதாகத் தெரியும். மடிப்பு ஒவ்வொன்றையும் விரலால் பிடித்து, கோடு தப்பாமல் அழுத்தி முடிக்க இரண்டு சட்டை நேரம் ஆகிவிடும். "சின்னப் பிள்ளை துணிதானேம்மா, பாதிக் காசு போட்டுக்கோ" என்பார்கள். உருப்படிக் கணக்கில் தொழில் செய்பவர்களை ஜூன் மாதம் இந்தப் பினஃபோர்தான் கவிழ்க்கிறது.

அதனால் நான் நிமிஷத்துக்கு விலை வைத்தேன். நிமிஷம் இரண்டரை ரூபாய். சட்டைக்கும் பேண்டுக்கும் எனக்கு நான்கு நிமிஷம், பத்து ரூபாய். பினஃபோருக்கு எட்டு, ஆக இருபது. அனார்கலி இருபத்தைந்து. கஞ்சி போட்ட பருத்திப் புடவைக்குப் பன்னிரண்டு நிமிஷம், முப்பது ரூபாய். பட்டு நாற்பது. வாடிக்கையாளர்களுக்கு நிமிஷத்தைச் சொல்வதில்லை, விலைப் பட்டியல் மட்டும் கதவில் ஒட்டியிருக்கும்.

கேட்க நன்றாக இருக்கிறது, மணிக்கு நூற்றைம்பது ரூபாய் என்று உடனே பெருக்கிவிடாதீர்கள். மூட்டையை எண்ணி வாங்குவது, தண்ணீர் தெளித்துச் சுருட்டுவது, மடித்துக் கட்டுவது, வாசலில் நின்று பேசுகிறவர்களுக்குப் பதில் சொல்வது எல்லாம் போக, ஒரு மணி நேரத்தில் பெட்டி துணிமேல் இருப்பது நாற்பது நிமிஷம்தான். ஆக நூறு ரூபாய். தினம் நான்கு மணி நேரம், மாதம் இருபத்தைந்து நாள் என்றால் பத்தாயிரம். மின்சாரம், துணியை வீடுவீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கும் பையனுக்குக் காசு, கவர், ஹேங்கர் போனால் எட்டாயிரத்தை ஒட்டி நிற்கும். வீட்டில் இருந்தபடியே லட்சங்கள் என்று செல்போனில் வீடியோ போடுகிறவர்கள் எந்த ஊரில் தேய்க்கிறார்களோ தெரியவில்லை.

பெட்டி விஷயத்துக்கு வருகிறேன். மாமனாருடையது பித்தளைக் கரிப்பெட்டி. கரி பெரும்பாலும் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துச் சீமைக்கருவேலக் கரி. கிடைத்தால் கொட்டாங்கச்சிக் கரி, அது கனல் அதிக நேரம் நிற்கும். கரிப்பெட்டியின் கனமே துணியை அழுத்திவிடும், மின்பெட்டிக்குத் தோள் கொடுத்து அழுத்த வேண்டும் என்று அவர் சொல்வது உண்மைதான். ஆனாலும் வீட்டுக்குள் கரிப்பெட்டி கூடவே கூடாது. எரியும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. மரத்தடி வண்டியில் அது காற்றோடு போய்விடும். மழைக்குச் சன்னலைச் சாத்திய அறையில் ஆளையே கொன்றுவிடும்.

திருவண்ணாமலையில் பள்ளி மாணவியாக இருந்தபோது வினிஷா உமாசங்கர் கரிக்குப் பதில் சூரிய ஒளியில் ஓடும் தேய்ப்பு வண்டி ஒன்றை வடிவமைத்தார். 2021-ல் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் அவர் பேசிய வீடியோவை மாமாவிடம் காட்டினேன். முழுவதும் கேட்டார். "ஐப்பசி மழையில என்னம்மா பண்றது?" என்றார். பேட்டரி இருக்கிறது மாமா என்றேன். அப்படியானால் சரி என்று தலையாட்டினார். இப்போது நிறைய வண்டிக்காரர்கள் சின்ன சிலிண்டரில் ஓடும் கேஸ் பெட்டிக்கு மாறிவிட்டார்கள்.

வீட்டுக்கு 1000 வாட் கனப் பெட்டி போதும், ஸ்டீம் இல்லாத சாதாரணப் பெட்டி. விடாமல் ஒரு மணி நேரம் எரிந்தால் ஒரு யூனிட். சூடு ஏறியதும் தெர்மோஸ்டாட் நிறுத்தி நிறுத்தி எரிப்பதால் அதைவிடக் குறைவாகவே ஓடும். 230 வோல்ட்டில் நாலரை ஆம்பியருக்குள்தான் இழுக்கும் என்றாலும், மணிக்கணக்கில் ஓடுகிற பெட்டியைச் சின்ன பிளக்கில் சொருகாதீர்கள். பின் சூடேறி உருகும். பதினாறு ஆம்பியர் பாயிண்டும் ஒழுங்கான எர்த்தும் போடச் சொல்லுங்கள். ஈரத் துணி, ஈரக் கை, மின்சாரம் மூன்றும் ஒரே மேசையில் இருக்கிற தொழில் இது.

மேசையும் முக்கியம். கடையில் விற்கும் குறுகலான மடக்குப் பலகை சட்டைக்கு ஆகும். எட்டு முழ வேட்டியும் புடவையும் அதிலிருந்து வழிந்து தரையைக் கூட்டும். தச்சரிடம் சொல்லி, என் இடுப்பு உயரத்துக்கு அகலமான மேசை ஒன்று செய்து, பழைய கம்பளியை இரண்டாக மடித்து விரித்து மேலே வெள்ளைத் துணி இறுக்கிக் கட்டியிருக்கிறேன். உயரம் குறைந்தால் முதுகு போகும். காலுக்குக் கீழே தடித்த ரப்பர் விரிப்பு.

தேய்க்கிற நுணுக்கம் என்று பெரிதாக ஒன்றுமில்லை என்பார்கள். உண்டு. சூடு சுருக்கத்தை எடுக்கிறது என்று எல்லோரும் நினைக்கிறோம். பருத்தியில் பாதி வேலை தண்ணீருடையது. வேதியியல் படிக்கும் ஒரு வாடிக்கையாளர் வீட்டுப் பெண் விளக்கினாள்: பருத்தி இழைக்குள் மூலக்கூறுகளைப் பிடித்து வைத்திருக்கும் பிணைப்புகளைத் தண்ணீர் தளர்த்துகிறது, நாம் அழுத்தி உலர்த்தும்போது அவை தட்டையான நிலையிலேயே மறுபடி பிணைந்துகொள்கின்றன. மாமா இதையே, தெளித்துச் சுருட்டி கொஞ்ச நேரம் ஊறவிட்டால் துணி சொன்ன பேச்சைக் கேட்கும் என்பார். பாலியெஸ்டருக்குத் தண்ணீர் பெரிதாக வேலை செய்யாது. அது சூட்டில் இளகுகிற இழை, கூடுதல் சூட்டில் சுருங்கிப் பளபளத்துவிடும்.

துணியின் உள்பக்கச் சீட்டில் பெட்டிப் படம் இருக்கும். அதற்குள் ஒரு புள்ளி என்றால் ஏறக்குறைய 110 டிகிரி, இரண்டு என்றால் 150, மூன்று என்றால் 200. நைலான் போன்றவை ஒன்று, பட்டும் பாலியெஸ்டரும் இரண்டு, பருத்தியும் லினனும் மூன்று. அதனால் மூட்டையை வந்த வரிசையில் தேய்க்காமல், சூட்டு வாரியாகப் பிரித்து, குறைந்த சூட்டுத் துணியில் தொடங்க வேண்டும். பெட்டி ஏறுவது சீக்கிரம், இறங்குவது மெதுவாக. கறுப்புப் பேண்டை உள்பக்கம் திருப்பித் தேய்க்காவிட்டால் முட்டியில் மினுமினுப்பு வரும். ஜரிகைமேல் நேரே பெட்டி வைக்கக் கூடாது, மெல்லிய பருத்தித் துணி போட்டு அதன்மேல்தான். கஞ்சிப் புடவை அரை ஈரத்தில் இருக்க வேண்டும்; ரொம்ப ஈரமானால் கஞ்சி பெட்டியில் ஒட்டிக் கருகி அடுத்த வெள்ளைச் சட்டையில் அடையாளம் வைக்கும்.

அடையாளம் என்றதும் இன்னொன்று. மாமா காலத்தில் சேங்கொட்டைச் சாறால் காலர் உள்ளே குறி போடுவார்கள், துணி கிழியும்வரை போகாது. இன்று பிராண்டட் சட்டையில் யாரும் அதை விடமாட்டார்கள். எங்கள் பக்கத்து அடுக்ககங்களில் வெள்ளிக்கிழமை வந்தால் வீட்டுக்கு நான்கு வெள்ளைச் சட்டை, எல்லாம் ஒரே மாதிரி. வீட்டு எண் எழுதிய துண்டுத் துணியைக் காஜாவில் ஊக்கால் குத்திவிடுவேன். வாங்கும்போதே வாசலில் எண்ணி, நோட்டில் எழுதி, கறையோ விட்டுப்போன பொத்தானோ இருந்தால் படம் எடுத்து அவர்களுக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவேன். சண்டைகள் தேய்ப்பதில் வருவது குறைவு, எண்ணிக்கையில் வருவதுதான் அதிகம்.

வருமானம் மாதத்துக்கு மாதம் ஆடும். ஜூனில் பள்ளிக்கூடம், பிறகு ஆடியில் கல்யாணம் இல்லை, ஆவணியில் மறுபடி ஏறும், தீபாவளிக்கு முன்வாரம் தூக்கமில்லை, மார்கழி மந்தம், தை பிறந்தால் முகூர்த்தம். முகூர்த்தம் இப்போது வேறொரு வேலையையும் கொண்டுவந்திருக்கிறது: புடவைக்குக் கொசுவமும் முந்தானை மடிப்பும் முன்கூட்டியே எடுத்து, தேய்த்து, கிளிப் போட்டு, பெட்டி மாதிரி மடித்துக் கொடுப்பது. ப்ரீ-ப்ளீட்டிங் என்கிறார்கள். உடுத்துபவரின் உயரமும் இடுப்பளவும் வாங்கிக்கொள்ள வேண்டும். பட்டுக்கு ஒரு மணி நேரம் ஆகிறது, இருநூற்றைம்பது வாங்குகிறேன். என் நிமிஷக் கணக்கைவிட இதில் கொஞ்சம் கூட நிற்கிறது. நாற்பது ரூபாய்ப் பட்டுக்குப் பேரம் பேசிய அதே அம்மா, இதற்குப் பேசாமல் கொடுத்துவிட்டுப் போகிறார்.

ஏன் என்று யோசித்திருக்கிறேன். துணி தேய்ப்பதை ஒரு சாதியின் வேலையாகப் பார்த்த கண் நம்மூரில் இன்னும் மாறவில்லை. வண்டிக்காரரை அறுபது வயதிலும் "இஸ்திரி, மேல வா" என்றுதான் மாடியிலிருந்து கூப்பிடுவார்கள். அதே வீட்டில் ஆப்பில் பதிவு செய்யும் லாண்டரிக்கு இரட்டிப்பு விலையை வாய் திறக்காமல் கொடுப்பார்கள். எங்களிடம் குறைக்கச் சொல்லும் இரண்டு ரூபாயில் பணத்தின் கணக்கு மட்டும் இல்லை. அதனால்தான் அச்சடித்த விலைப்பட்டியல் வேண்டும் என்கிறேன். "மாமா காலத்துல நாலு ரூபாதான்" என்றால், கதவைக் காட்டிவிடலாம்.

காகித வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு இணையத்தில் இலவசம். பணம் கேட்கும் இடைத்தரகரை நம்பாதீர்கள். ஆண்டுக்கு இருபது லட்சம் தாண்டும்வரை ஜி.எஸ்.டி. பற்றிக் கவலை இல்லை. வீட்டு மின் இணைப்பில் தொழில் செய்யலாமா, கட்டண வகை மாற்ற வேண்டுமா என்று மின்வாரிய அலுவலகத்தில் முதலிலேயே கேட்டுவிடுங்கள். நான் தனி மீட்டர் வாங்கிவிட்டேன். பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினருக்கு அரசு விலையில்லாத் தேய்ப்புப் பெட்டி தருகிறது. ஆட்சியர் அலுவலக வளாகத்திலுள்ள நல அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

கடைசியாக விடுமுறை. தோள்பட்டையும் கெண்டைக்காலும் வாரத்தில் ஒரு நாள் கேட்கும். ஞாயிற்றுக்கிழமை பெட்டி போடுவதில்லை என்று அறிவித்தபோது மூன்று வீடுகள் வேறு ஆளிடம் போயின. ஒரு வீடு திரும்பி வந்தது, பழைய விலைக்கே தேய்த்துத் தரச் சொல்லி. பட்டியலைக் காட்டினேன். படித்துப் பார்த்துவிட்டு, "சரி, சனிக்கிழமைக்குள்ள குடுத்துடும்மா" என்று மூட்டையை வைத்துவிட்டுப் போனார்கள். பதினாறு உருப்படி, நான்கு பினஃபோர்.