தகட்டில் வெட்டிய தமிழ்

பொடியை இட்டுத் தட்டினால் வாசலில் தாமரையை மலர்விக்கும் கோலத் தகட்டை, மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றியுள்ள கடைகளில் வாங்கி வராத குடும்பம் அபூர்வம். அந்தத் தகட்டுக்கு முரட்டுத் தமையன் ஒருவன் உண்டு. கீழமாசி வீதியில் இறங்கும் சாக்கு மூட்டைகளின் மேல் கன்னங்கரேலென்று நிற்கும் எழுத்துக்கள் அவன் கைவேலை. ஸ்டென்சில் என்று வழங்கும் வெட்டெழுத்துத் தகட்டைத்தான் சொல்லுகிறோம்.

எழுத்தின் உருவத்தைத் தகட்டிலிருந்து வெட்டி எடுத்துவிட்டு, அதைச் சாக்கின் மேல் வைத்து, மசி தோய்ந்த பிரஷ்ஷால் குத்துவார்கள். சணலின் முரட்டு நெசவு மெல்லிய கோட்டை விழுங்கிவிடும். இவ்வெழுத்து பருமனாயிருப்பது அதனாலேயன்றி அழகுக்காக அன்று.

ஆங்கில ‘ஓ’ என்னும் வட்டத்தை முழுவதும் வெட்டினால் நடு வில்லை கீழே விழுந்துவிடும்; அதைத் தாங்க இரண்டு சிறு பாலங்கள் விட வேண்டும். அந்த இடைவெளிகளே இதன் முத்திரை. 1937இல் அமெரிக்காவில் ஜெர்ரி பவல், ஹண்டர் மிடில்டன் என்னும் இருவர், தனித்தனி நிறுவனங்களுக்காக, பெட்டிகளின் மேலிருந்த இந்த எழுத்தையே அச்செழுத்தாக வரைந்து கொடுத்தார்கள்.

ஆங்கிலத்துக்கு இது சுலபம். 26 பெரிய எழுத்துக்களில் மூடிய வயிறு உடையவை ஏழே. நம் தமிழிலோ க, ச, த, ம, வ என்று எங்கே தொட்டாலும் ஒரு கூடு! ட, ப இரண்டும் சமர்த்துப் பிள்ளைகள். ‘மதுரை’ என்று வெட்டிப் பாருங்கள்: மகரத்தின் பெட்டி விழும், தகரத்தின் வயிறு விழும், ஐகாரக் குறியின் சுழிகளும் விழும்.

இது வெறும் அலங்கார விஷயம் அன்று. பஞ்சுப் பொதி ஒவ்வொன்றிலும் அதை அழுத்திக் கட்டிய ஆலையின் குறியும் வரிசை எண்ணும் இருக்க வேண்டுமென்று 1925இல் வந்த சட்டம் விதித்தது. திருமங்கலத்துக் கரிசலில் விளைந்த பஞ்சில் கலப்படம் தெரிந்தால், கட்டிய ஆலையைக் காட்டிக் கொடுக்கும் சாட்சி அக்குறியே. அது விளைத்த குடியானவரும் சுமக்கும் தொழிலாளியும் படிக்கும் எழுத்தில் இருக்க வேண்டாமா? தமிழ் தகட்டுக்கு அடங்காது என்று ஆங்கிலத்தைக் குத்திவிடுவது சுத்தச் சோம்பல்.

கவனமின்றி வெட்டினால் சங்கடம் உண்டுதான். மசி சற்றுப் பரவி மூன்று சுழி இரண்டாகிவிட்டால் ‘எண் 25’ என்பது ‘என் 25’ ஆகும். நாம் சிரிக்கலாம், சரக்குக்காரர் சிரிக்கமாட்டார். ஆகவே சுழிக்குள் இடம் தாராளமாயிருக்க வேண்டும். பாலங்கள் தோன்றிய இடத்திலெல்லாம் வராமல், ஒரே அகலத்தில், ஒரே திசையில், கோடு பருத்த இடத்திலேயே வர வேண்டும்.

1978இல் தமிழக அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தமும் இதற்கு அனுகூலமே. ணை, லை, ளை, னை ஆகியவற்றின் பழைய துதிக்கை போனபின், ஒரே ஐகாரத் தகடு எல்லா எழுத்துக்கும் போதும். புள்ளியைப் பற்றியோ கவலையே இல்லை. ஓலை பொத்துவிடும் என்று ஏட்டில் அதைப் பெரும்பாலும் இடாமல் விட்டார்கள் என்பர். தகரத்திலோ ஆணியை வைத்து ஓர் அடி அடித்தால் போதும்.