சந்தை சரிந்தால் நமக்கென்ன?

‘சந்தை’ என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது கத்தரிக்காயும் வெண்டைக்காயும்தான். பங்குச் சந்தை எழுவதும் விழுவதும் செய்தித்தாளின் வணிகப் பக்கத்தோடு முடிந்துவிடும் சங்கதி என்றே நானும் நெடுநாள் எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்தை மாற்றியவர்கள் இருவர். ஒருவர் என் தாயார். மற்றவர் எங்கள் தெருவில் வசிக்கும் ஓய்வு பெற்ற ஆசிரியை.

என் தந்தையார் மயிலாப்பூரில் இஸ்திரி வண்டி வைத்திருக்கிறார். தாயார் அடையாற்றில் ஒரு தனியார் நிறுவனத்தில் துப்புரவுப் பணி செய்கிறார். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவன் நான். ஆகவே, வீட்டுக்கு வரும் எந்தக் காகிதத்தையும் படித்துப் பொருள் சொல்வது என் வேலை.

2020 மார்ச் 23 அன்று மும்பைப் பங்குச் சந்தையின் குறியீடான சென்செக்ஸ் ஒரே நாளில் 3,934 புள்ளிகள் சரிந்து 25,981-இல் முடிந்தது. அன்றிரவு தாயார் கேட்டார்: “ஏண்டா, சந்தை விழுந்திடுச்சுன்னு டி.வி.யில சொல்றாங்களே, நம்ம பி.எஃப். பணம் போச்சா?” எட்டாம் வகுப்பில் இருந்த நான் விழித்தேன். அந்தக் கேள்விக்குச் சில ஆண்டுகள் தாமதமாக நான் தரும் விடையே இக்கட்டுரை.

தாயாரின் பணம்

தாயாரின் சம்பளத்தில் 12 சதவீதம் வருங்கால வைப்பு நிதிக்குப் பிடிக்கப்படுகிறது. முதலாளியும் 12 சதவீதம் கட்டுகிறார். ஆனால் முதலாளி கட்டுவது முழுவதும் அந்த நிதிக்குப் போவதில்லை. அதில் 8.33 சதவீதம் ஓய்வூதியத் திட்டத்திற்குச் செல்கிறது, எஞ்சிய 3.67 சதவீதமே வைப்பு நிதியில் சேர்கிறது. இவ்விரண்டும் வெவ்வேறு உண்டியல்கள் என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும்.

ஓய்வூதிய உண்டியலிலிருந்து வரும் மாதத் தொகை ஒரு சூத்திரப்படி கணக்கிடப்படுகிறது: ஓய்வூதியத்திற்குரிய சம்பளத்தைப் பணியாண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். இந்தச் சூத்திரத்தில் சென்செக்ஸுக்கு இடமே இல்லை. சந்தை பாதியாகக் குறைந்தாலும் அந்த மாதத் தொகை ஒரு ரூபாயும் குறையாது.

வைப்பு நிதி அப்படியன்று. 2015 ஆகஸ்டு முதல் அதில் புதிதாகச் சேரும் பணத்தின் ஒரு பகுதி, பங்குகளைத் தொகுத்து வைத்திருக்கும் நிதிகளில் போடப்படுகிறது. முதலில் 5 சதவீதமாக இருந்தது பின்னர் 10 ஆகி, 15 சதவீதம் வரை உயர்ந்தது. மற்றவை பெரும்பாலும் அரசுக் கடன் பத்திரங்களும் நிறுவனக் கடன் பத்திரங்களுமே. அதனால்தான் 2020-இல் சந்தை விழுந்தபோது தாயாரின் அசல் கரையவில்லை. ஆனால் சந்தையின் நிழல் வட்டியின் மேல் விழுந்தது. 2019-20 ஆண்டுக்கு அறிவிக்கப்பட்ட வட்டி 8.5 சதவீதம். அதைக் கடன் பத்திர வருமானத்திலிருந்து 8.15 சதவீதமாகவும், பங்கு நிதிகளை விற்றபின் எஞ்சிய 0.35 சதவீதமாகவும் இரண்டு தவணையில் தரப் போவதாக அந்த ஆண்டு செப்டம்பரில் கூறினார்கள். சரிந்த விலையில் விற்க முடியாமையே காரணம். பிறகு சந்தை மீண்டதும் முழு வட்டியும் வந்து சேர்ந்தது. ஆகவே, “பணம் போச்சா?” என்ற கேள்விக்கு விடை: போகவில்லை, காத்திருக்க வைத்தது.

காத்திருக்க முடியாதவர்கள்

எல்லாராலும் காத்திருக்க முடியுமா என்பதே அடுத்த கேள்வி. மத்திய அரசில் 2004 ஜனவரி 1 முதல் பணியில் சேர்ந்தவர்களுக்குத் (முப்படையினர் நீங்கலாக) தேசிய ஓய்வூதியத் திட்டம் வந்தது. பழைய திட்டத்தில் ஓய்வூதியம் எவ்வளவு என்பது கடைசிச் சம்பளத்தைப் பொறுத்தது. புதிய திட்டத்திலோ, சேர்ந்த பணம் எவ்வளவாக வளர்ந்தது என்பதைப் பொறுத்தது. அதில் ஒரு பகுதி பங்குகளில் இருக்கிறது. ஓய்வு பெறும் நாளில் அரசு ஊழியர் குறைந்தது 40 சதவீதத்தைக் கொடுத்து மாத ஓய்வூதியத்தை விலைக்கு வாங்க வேண்டும். அந்த நாள் சந்தை சரிந்த நாளாக இருந்தால்?

கணித மாணவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். 2020 ஜனவரியில் 42,000-ஐத் தொட்ட சென்செக்ஸ் மார்ச்சில் 26,000-க்கு வந்தது. இறக்கம் 38 சதவீதம். ஆனால் 26,000-லிருந்து மறுபடியும் 42,000-ஐ எட்ட ஏற வேண்டியது 38 அன்று, ஏறத்தாழ 62 சதவீதம்! அவ்வளவும் அதே ஆண்டு நவம்பரில் ஏறிவிட்டது உண்மை. முப்பது வயது ஊழியருக்கு அது ஒரு செய்தி மட்டுமே. குறைந்த விலையில் அவர் கணக்கில் கூடுதல் யூனிட்டுகள்கூடச் சேர்ந்திருக்கும். ஏப்ரலில் கணக்கை முடித்துக்கொண்டு வெளியேறிய அறுபது வயதுக்காரருக்கோ அது வாழ்நாள் நட்டம். பணம் எடுப்பதைத் தள்ளிவைக்கத் திட்டத்தில் வழி உண்டு. ஆனால் மகளின் திருமணமும் வீட்டுக் கடனும் தள்ளி நிற்குமா? இந்த அச்சத்தின் விளைவாகவே, 2025 ஏப்ரல் 1 முதல், 25 ஆண்டு பணி முடித்த மத்திய அரசு ஊழியருக்குக் கடைசி 12 மாத அடிப்படைச் சம்பளச் சராசரியில் பாதியை உறுதி செய்யும் ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம் கொண்டுவரப்பட்டது.

பழைய பாடங்கள்

இந்த அச்சம் நம் ஊருக்குப் புதிதன்று. 1906 அக்டோபரில் சென்னையின் பெருங் கம்பெனியான ஆர்பத்நாட் திவாலாயிற்று. அதன் லண்டன் கூட்டாளி நடத்திய சூதாட்டம் போன்ற முதலீடுகளே வினையாக முடிந்தன. ஓய்வு பெற்றவர்களும் விதவைகளும் அங்குப் போட்டு வைத்திருந்த சேமிப்பு கரைந்தது. அந்தக் கசப்பிலிருந்து பிறந்ததுதான் மயிலாப்பூர் வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்று தொடங்கிய இந்தியன் வங்கி (1907).

பின்னாளில், 1964-இல் யூனிட் டிரஸ்ட் தொடங்கிய ‘யு.எஸ். 64’ திட்டத்தை வங்கி வைப்புப்போல் பத்திரமானது என்று நடுத்தர மக்கள் நம்பினார்கள். 2001 ஜூலையில் யூனிட்டுகளைத் திருப்பி வாங்குவதே நிறுத்தப்பட்டது. அதன் பிறகு, ஒருவருக்கு 3,000 யூனிட் வரை 10 ரூபாய் வீதம் வாங்கிக்கொள்ள ஏற்பாடாயிற்று. தம் பணம் பங்குகளில் இருக்கிறது என்பதையே பலர் அன்றுதான் அறிந்தார்கள்!

டாலரும் டீச்சரம்மாவும்

இனி ஆசிரியையின் கதை. ‘டீச்சரம்மா’ என்றே நாங்கள் அழைப்போம். அவருக்குப் பழைய முறை ஓய்வூதியம். சந்தையால் அதற்கு ஆபத்தில்லை. அமெரிக்காவில் உள்ள மகளின் பிரசவத்திற்குப் போக 3,000 டாலர் வேண்டும் என்று கணக்கிட்டு, 2021 அக்டோபரில் 2,25,000 ரூபாயைச் சந்தைக் குறியீட்டைப் பின்பற்றும் ஒரு நிதியில் போட்டிருந்தார். அப்போது டாலர் சுமார் 75 ரூபாய். சென்செக்ஸ் 62,000 அருகில்.

அமெரிக்க மத்திய வங்கி 2022 மார்ச் முதல் வட்டியை உயர்த்தத் தொடங்கியது. வெளிநாட்டு முதலீட்டாளர்கள் இங்குள்ள பங்குகளை விற்று, கிடைத்த ரூபாயை டாலராக்கி எடுத்துச் சென்றார்கள். விற்பவர் கூடியதால் பங்கு விலை இறங்கியது. டாலர் கேட்பவர் கூடியதால் டாலர் விலை ஏறியது. உக்ரைன் போரால் கச்சா எண்ணெய் விலையும் கூடிற்று. ஜூன் நடுவில் சென்செக்ஸ் 51,400. டாலர் 78 ரூபாய். டீச்சரம்மாவின் பணம் 17 சதவீதம் குறைந்து சுமார் 1,86,750 ஆனது. தேவையோ 2,34,000 ஆகியிருந்தது. பற்றாக்குறை 47,250 ரூபாய். கையிருப்பு கீழே, தேவை மேலே! வெளிநாட்டுப் பயணத்துக்காகச் சேர்ப்பவரைச் சந்தைச் சரிவு இரண்டு பக்கமும் அடிப்பது இப்படித்தான்.

பிரசவம் சந்தை ஏறும்வரை காத்திருக்குமா? தியாகராய நகரில் இரண்டு வளையல்களை அடகு வைத்துவிட்டுப் புறப்பட்டார். புறப்படுமுன் எங்கள் வண்டிக்கு வந்து தந்தையாரிடம், “ஏம்ப்பா, திரும்பி வந்தப்புறம் கொஞ்ச நாளைக்குப் புடவை தேய்க்கப் போடமாட்டேன். வளையலை மீட்கணும்” என்றார். “அதனால என்ன டீச்சரம்மா, நல்லபடியா போயிட்டு வாங்க” என்றார் தந்தையார். அன்றுதான் எனக்கு உறைத்தது. மும்பையில் விழுந்த சந்தை, அமெரிக்காவில் ஏறிய வட்டி எல்லாம் எங்கள் கரிப்பெட்டி வரை வந்துவிட்டன!

அவ்வாண்டு நவம்பர் முடிவில் சென்செக்ஸ் 63,000-ஐத் தாண்டியது. ஆனால் அவர் ஜூனிலேயே விற்றுவிட்டாரே! குறித்த நாளில் வேண்டிய பணத்தைப் பங்கில் போடலாகாது என்ற பாடத்தை அவரே பிற்பாடு எனக்குச் சொன்னார்.

சரியாத ஓய்வூதியம்

என் தந்தையார் 2018-இல், தம் 39-ஆம் வயதில், அடல் ஓய்வூதியத் திட்டத்தில் சேர்ந்தார். அறுபது வயதுக்குப் பிறகு மாதம் 1,000 ரூபாய். குறைந்தால் அரசு ஈடுசெய்யும். சந்தை அதைத் தொடாது. மகிழ்ச்சிதான். ஆனால் விலைவாசி ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறுகிறது என்று வைத்துக்கொண்டு நான் கணக்குப் போட்டேன். 2039-இல் அவர் கைக்கு வரும் ஆயிரம், சேர்ந்த ஆண்டின் மதிப்பில் சுமார் 360 ரூபாய்தான்! சந்தைச் சரிவு ஒரே நாளில் நிகழ்வதால் கண்ணுக்குத் தெரிகிறது. விலைவாசி கரையானைப்போல் ஓசையின்றி அரிப்பதால் தெரிவதில்லை. பங்கே வேண்டாம் என்று ஒதுங்குபவரும் முழுக்கத் தப்புவதில்லை.

இந்தக் கணக்கைத் தந்தையாரிடம் காட்டினேன். சற்று நேரம் பார்த்துவிட்டு, “மீதி அறுநூத்தி நாப்பதுக்குத்தானே உன்னைப் படிக்க வெச்சிருக்கேன்” என்று சொல்லிவிட்டு அடுத்த சட்டையை விரித்தார்.

நண்பர்களே, நம்மில் பலருடைய பெற்றோர் இப்படித்தான் முதலீடு செய்திருக்கிறார்கள். அந்த நிதியின் மதிப்பு நம் கையில் இருக்கிறது. இந்த விடுமுறையில் வீட்டிலுள்ள சேமிப்புக் காகிதங்களை எடுத்து, எந்தப் பணம் எங்கே இருக்கிறது, எப்போது வேண்டும் என்ற இரண்டே கேள்விகளைக் கேட்டு எழுதி வையுங்கள். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்றார்கள் பெரியோர். அளக்கக் கற்றவர்கள் நாம்; அளந்து சொல்வோம்.

— இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிதம்