பென்ஷன் வரும், எவ்வளவுக்குப் பயன்படும்?

சார்நிலைக் கருவூலத்தில் பென்ஷன் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், ஆண்டு நேர்காணலுக்கு வரும் பெரியவர்களில் யாராவது ஒருவர் குரலைத் தாழ்த்திக் கேட்பார்: “ஏம்மா, கஜானாவுல பணம் இருக்குல்ல? நம்ம பென்ஷனுக்கு ஒண்ணும் ஆயிடாதே?” அன்றைக்குப் பேப்பரில் அரசின் கடனைப் பற்றி ஏதாவது வந்திருக்கும். “தைரியமா போயிட்டு வாங்கய்யா” என்பேன். வெறும் ஆறுதலுக்காக அப்படிச் சொல்லவில்லை. நான் வேலை பார்த்த வரையில், பணம் இல்லை என்று எங்கள் அலுவலகத்தில் பென்ஷன் பட்டியல் ஒரு மாதமும் நின்றதில்லை.

அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்பது பலருக்கும் தெரியாது. பணியில் இருந்தபோது பிடித்த பணத்தை எங்கோ சேர்த்துவைத்துத் திருப்பித் தருகிறார்கள் என்றே நினைக்கிறார்கள். பழைய பென்ஷனுக்கு அப்படி ஒரு நிதியே கிடையாது. ஜி.பி.எஃப். என்பது ஊழியரின் சேமிப்பு, அது வேறு கணக்கு. பென்ஷனோ அந்தந்த ஆண்டின் வருவாயிலிருந்து, 2071 என்ற கணக்குத் தலைப்பில் செலவாக எழுதப்படுகிறது. இன்று கடையில் வசூலாகும் வரியில்தான் நேற்று ஓய்வுபெற்றவருக்குப் பென்ஷன் போகிறது. சேர்த்துவைத்த பணமே இல்லாமல் இத்தனை காலம் ஒழுங்காக வந்துகொண்டிருக்கிறது என்றால் அதற்குக் காரணம் அரசின் கருணை அல்ல. அந்தப் பென்ஷன் சட்டப்படியான உரிமையாக நிற்கிறது.

அந்த உரிமையை உறுதி செய்தவர்களில் முக்கியமானவர் டி.எஸ். நகாரா. மத்திய அரசில் பணியாற்றி ஓய்வுபெற்றவர். 1979-ல் மத்திய அரசு பென்ஷன் கணக்கைத் தாராளமாக்கியது, ஆனால் 31.3.1979-க்கு முன் ஓய்வுபெற்றவர்களுக்கு அது இல்லை என்றது. அவர் உச்ச நீதிமன்றம் போனார். 1982 டிசம்பர் 17 அன்று அரசியல் சாசன அமர்வு, பென்ஷன் அரசு விரும்பினால் தரும் கொடை அல்ல, செய்த வேலைக்கான உரிமை என்று தீர்ப்பளித்தது. ஓய்வூதியர் சங்கங்கள் டிசம்பர் 17-ஐ இன்றும் ஓய்வூதியர் நாளாகக் கொண்டாடுவது இதனால்தான்.

உரிமை என்பதோடு இன்னொன்றும் சேர்ந்தது. ஆண்டுக்கு இருமுறை, விலைவாசிக் குறியீட்டை வைத்து அகவிலைப்படி ஏறுகிறது. என்னைக் கேட்டால், பென்ஷனின் உயிரே அந்த டி.ஏ.தான். இதை நான் அலுவலகத்தில் கற்றதைவிட அக்கா வீட்டில்தான் நன்றாகப் புரிந்துகொண்டேன்.

அத்தான் நூற்பாலைத் தொழிலாளி. ஷிப்டு ஷிப்டாக நின்று உழைத்தவர். அவருக்கு வருவது 1995-ல் தொடங்கிய தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தின் பென்ஷன். முதலாளி பி.எஃப்.புக்குக் கட்டும் 12 சதவீதத்தில் 8.33 சதவீதம் இந்தத் திட்டத்துக்குப் போகும். மத்திய அரசு 1.16 சதவீதம் போடும். கணக்கு எளிது: பென்ஷனுக்குரிய சம்பளத்தைப் பணி ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். ஆனால் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. 2001 முதல் 6,500 ரூபாய், 2014 செப்டம்பர் முதல் 15,000. அந்த 15,000-ஐ வைத்து, 35 ஆண்டு சேவைக்குக் கணக்குப் போட்டால் 7,500 ரூபாய் வரும். அத்தான் ஓய்வுபெற்றது பழைய உச்சவரம்பின் காலத்தில். 1995-க்கு முந்தைய சேவைக்குச் சிறு தொகைதான் சேரும். எல்லாம் சேர்ந்தும் அவர் பென்ஷன் 2,000 ரூபாயைத் தொடவில்லை. அன்று முதல் இன்று வரை அதே தொகைதான். இந்தத் திட்டத்தில் டி.ஏ. கிடையாது.

“மாசா மாசம் தவறாம வருது, அதுல குறை சொல்ல முடியாது” என்பார் அத்தான். அக்கா உள்ளேயிருந்து, “வருது, மருந்துக்கடையோட போயிடுது” என்பாள். இரண்டு பேர் சொல்வதும் உண்மை. விலைவாசி ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறுகிறது என்று வைத்துக்கொண்டால், இருபது ஆண்டு கழித்து 1,000 ரூபாயில் இன்றைய 377 ரூபாய்ப் பொருளைத்தான் வாங்க முடியும். யாரும் ஒரு பைசா பிடிக்கவில்லை, எந்த ஆணையும் போடவில்லை, பென்ஷன் பாதிக்கும் கீழே போய்விட்டது. இந்தத் திட்டத்தின் குறைந்தபட்ச பென்ஷன் 2014-ல் 1,000 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. பத்தாண்டு கடந்தும் அதே 1,000-தான்.

அந்தப் பென்ஷனும் இல்லாதவர்கள் முதியோர் உதவித்தொகை வாங்குபவர்கள். எங்கள் தெருமுனையில் பூக்கட்டும் ஆச்சிக்கு அது ஒன்றுதான் நிலையான வருமானம். தமிழ்நாட்டில் 1962-ல் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கிய திட்டம் அது. 2011-ல் 1,000 ரூபாயானது, அடுத்த உயர்வான 1,200-க்குப் பன்னிரண்டு ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. இதில் மத்திய அரசின் பங்கு, 80 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு, 200 ரூபாய். 2006-ல் நிர்ணயித்த தொகை.

ஆச்சி வாங்கும் சோப்பிலும் அத்தான் வாங்கும் மருந்திலும் வரி இருக்கிறது. அந்த வரியிலிருந்துதான் எனக்கு டி.ஏ.வோடு பென்ஷன் வருகிறது. என் பென்ஷனைக் குறைத்துவிட்டால் இது சரியாகிவிடும் என்று நான் நினைக்கவில்லை. எனக்கு எழுதித் தந்த உறுதியை அவர்களுக்கும் ஏன் எழுதித் தரவில்லை என்பதே என் கேள்வி.

அரசு ஊழியர் பென்ஷனும் அசைக்க முடியாததல்ல. 2003 ஏப்ரல் 1 முதல் தமிழ்நாட்டில் பணியில் சேர்ந்தவர்களுக்குப் பங்களிப்பு ஓய்வூதியம் என்றார்கள். சம்பளத்தில் 10 சதவீதம் பிடித்தம், அரசு அதே அளவு போடும், ஓய்வுபெறும்போது மொத்தமாக ஒரு தொகை, மாதப் பென்ஷன் இல்லை என்பதே அன்றைய ஏற்பாடு. அந்த ஆண்டு ஜூலையில் ஓய்வுக்காலச் சலுகைக் குறைப்பை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தவர்களில் லட்சத்துக்கும் மேற்பட்டோரை அரசு ஒரேயடியாகப் பணிநீக்கம் செய்தது. 2004-ல் மத்திய அரசும் புதியவர்களுக்குப் பழைய பென்ஷனை நிறுத்தியது. கொரோனா காலத்தில் மூன்று தவணை டி.ஏ. முடக்கப்பட்டது, அதற்கான நிலுவை வரவே இல்லை. ஆனாலும் ஊழியர்கள் விடவில்லை. இருபது ஆண்டு இடைவிடாமல் கேட்டதன் விளைவாகத்தான் 2024 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை, 25 ஆண்டு பணி முடித்தவருக்குக் கடைசி ஓராண்டு அடிப்படைச் சம்பளச் சராசரியில் பாதி என்ற உறுதியைத் திரும்பக் கொண்டுவந்தது. சங்கமும் கூட்டமும் உள்ளவர்கள் கேட்டார்கள், கிடைத்தது. பூக்கட்டும் ஆச்சிக்கு எந்தச் சங்கம் இருக்கிறது?

எனவே அரசை நம்பலாமா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பணம் வரும், நம்பலாம். அந்தப் பணத்தின் மதிப்பை அரசு தானாகக் காப்பாற்றும் என்று மட்டும் நம்பாதீர்கள். விலைவாசியோடு ஏறும் என்று விதியில் எழுதியிருந்தால்தான் அது ஏறும்.

தேர்தல் வரும்போது எல்லாக் கட்சியும் உதவித்தொகையை இவ்வளவு ஆக்குவோம் என்று ஒரு தொகையைச் சொல்லும். அந்தத் தொகையைக் கேட்டு மயங்க வேண்டாம். வாசலுக்கு வருகிறவரிடம், “ஒவ்வொரு வருஷமும் விலைவாசிக்குத் தக்கபடி ஏத்துவோம்னு சட்டத்துல எழுதுவீங்களா?” என்று கேளுங்கள். உங்கள் வீட்டில் பென்ஷன் வாங்குகிறவர் யாரும் இல்லையென்றாலும் கேளுங்கள்.