அணு ஆயுதக் களைவும் சரிபார்ப்பும்: கஸக்ஸ்தான் உணர்த்தும் பாடம்

அணு ஆயுதங்களைக் கைவிட்டதாக ஒரு நாடு அறிவிப்பது எளிது. அதனைப் பிறர் ஏற்கும்படி மெய்ப்பிப்பதே அரிது. குண்டைப் பிரித்தெடுத்தாலும் அதனுள் இருந்த யுரேனியமும் புளுட்டோனியமும் அழிவதில்லை. 8 கிலோ புளுட்டோனியம் கணக்கில் குறைந்தாலே ஒரு குண்டு உருவாகும் வாய்ப்பை மறுக்கவியலாது என்பது சர்வதேச அணுசக்தி முகமை கொண்டுள்ள அளவுகோலாகும். ஆகவே ஆயுதக் களைவு என்பது, ஒரு வகையில், கணக்குச் சரிபார்ப்பே.

முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் கஸக்ஸ்தானின் வரலாறு இதனைத் தெளிவாக விளக்குகிறது. அங்குள்ள செமிபலாத்தின்ஸ்க் களத்தில் 1949 முதல் 1989 வரை சோவியத் அரசு 456 அணுச் சோதனைகளை நிகழ்த்தியது. கவிஞர் ஒல்ஜாஸ் சுலைமேனொவ் தலைமையில் 1989இல் எழுந்த மக்கள் இயக்கத்தின் பின்னணியில், 1991 ஆகஸ்ட் 29 அன்று அக்களம் மூடப்பட்டது. அவ்வாண்டின் இறுதியில் நாடு விடுதலை பெற்றபோது, 1,400க்கு மேற்பட்ட நெடுந்தொலைவு அணு ஆயுதங்கள் அம்மண்ணில் இருந்தன. 1994இல் அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் இணைந்த கஸக்ஸ்தான், 1995 ஏப்ரலுக்குள் அவை அனைத்தையும் ரஷ்யாவிடம் ஒப்படைத்தது.

எனினும் மூலப்பொருள்கள் எஞ்சியிருந்தன. உல்பா உலோக ஆலையில் இருந்த ஏறத்தாழ 600 கிலோ உயர்செறிவு யுரேனியம், இரு அரசுகளின் உடன்பாட்டின்படி 1994 நவம்பரில் அமெரிக்காவுக்கு விமானத்தில் கொண்டு செல்லப்பட்டது. இதைவிடச் சிக்கலானது தெகெலென் மலை. அதன் சுரங்கங்களில் புளுட்டோனியம் எஞ்சிக் கிடக்க, வறுமையுற்ற மக்கள் செப்புக் கம்பிகளைத் தேடி அவற்றினுள் நுழைந்து கொண்டிருந்தனர். கஸக், ரஷ்ய, அமெரிக்க அறிவியலாளர்கள் கூடிப் பணியாற்றி, 2012இல் அவற்றை அடைத்து முடித்தனர்.

இங்கேதான் ஒரு வினா எழுகிறது. ஆயுத வடிவமைப்பின் இரகசியம் வெளிப்பட்டுவிடும் என்ற அச்சத்தால், தெகெலென் பணி சர்வதேச முகமையின் பார்வைக்கு அப்பாலேயே நடைபெற்றது. பொருள் பாதுகாக்கப்பட்டது, ஆனால் பொதுவான நடுவர் எவரும் அதனை அளந்து பார்க்கவில்லை. இரகசியமும் சரிபார்ப்பும் ஒன்றுக்கொன்று முரணானவை என்பதே இத்துறையின் அடிப்படைச் சிக்கல். இதற்குத் தீர்வு காண 2007இல் பிரிட்டனும் நார்வேயும் கூட்டாய்வு தொடங்கின. கதிர்வீச்சை அளந்தபின் 'ஆம்', 'இல்லை' என்ற விடையை மட்டும் காட்டி, ஏனைய தகவல்களை மறைக்கும் கருவியை உருவாக்க அவை முயன்றன.

தொழில்நுட்பம் வழிகாட்டலாம், ஆனால் ஆய்வாளருக்குக் கதவைத் திறப்பது அரசுகளின் மனமே. அமெரிக்காவும் ரஷ்யாவும் 2010இல் கையெழுத்திட்ட புதிய ஸ்டார்ட் ஒப்பந்தம், ஒருவர் தளத்தை மற்றவர் நேரில் பார்வையிட வழிவகுத்தது. கொரோனாத் தொற்றினால் 2020இல் நின்ற அப்பார்வையிடல் மீண்டும் தொடங்கவேயில்லை. 2023இல் ரஷ்யா தன் பங்கேற்பையே நிறுத்திவைத்தது. 2026 பிப்ரவரி 5உடன் ஒப்பந்தத்தின் காலமும் முடிவுற்றது.

மாறாக, முன்பு குண்டுக்குரிய யுரேனியம் கிடந்த அதே உல்பா ஆலையில், 2017 ஆகஸ்ட் 29 அன்று, அணுமின் நிலையங்களுக்கான குறைசெறிவு யுரேனிய வங்கியைச் சர்வதேச முகமை தொடங்கியது. ஒளிக்கப்பட்டிருந்த இடம் எண்ணப்படும் இடமாயிற்று. களைவு நிலைபெறுவதற்கு வழி அதுவே.