வராத பிரதிவாதியும் வணிக வழக்கின் தீர்ப்பாணையும்

வணிக வழக்கில் பிரதிவாதி குறித்த நாளில் முன்னிலையாகாதபோது, வாதி தரப்புச் சாட்சியத்தையும் ஆவணங்களையும் மட்டும் ஆராய்ந்து நீதிமன்றம் பிறப்பிக்கும் முடிவு ஒருதலைப்பட்சத் தீர்ப்பாணை எனப்படும். நீதிமன்றப் பேச்சுவழக்கில் இது 'எக்ஸ்பார்ட்டி' தீர்ப்பு. இருதரப்பையும் கேட்டு வழங்கிய தீர்ப்பாணைக்குள்ள வலிமை முழுவதும் இதற்கும் உண்டென்பதால், வாதி நிறைவேற்று மனு தாக்கல் செய்து, பிரதிவாதியின் வங்கிக் கணக்கையும் சரக்கையும் ஜப்தி செய்யக் கோரலாம்.

இத்தகைய தீர்ப்பாணையை நீக்கக் கோரும் உரிமையை 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம், கட்டளை 9, விதி 13 அளிக்கிறது. அழைப்பாணை முறையாகச் சார்வு செய்யப்படவில்லை, அதாவது பிரதிவாதியிடம் சட்டப்படி சேர்க்கப்படவில்லை என்பதையோ, வர இயலாதபடி போதிய காரணம் தடுத்தது என்பதையோ அவர் மெய்ப்பித்தாக வேண்டும். பதிவுத் தபாலில் வந்த அழைப்பாணை 'வாங்க மறுத்தார்' என்ற குறிப்புடன் திரும்பினால், அது சார்வு செய்யப்பட்டதாகவே நீதிமன்றம் கொள்ளும். சார்வில் சிறு குறை இருந்தாலும், விசாரணை நாளைப் பிரதிவாதி அறிந்திருந்து, வந்து பதிலளிக்கப் போதிய அவகாசமும் பெற்றிருந்தால், அக்குறையை மட்டும் காட்டித் தீர்ப்பாணையை நீக்க முடியாது.

மனுவுக்கான கெடு, 1963ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டம், உறுப்பு 123இன்படி, தீர்ப்பாணை நாளிலிருந்து 30 நாட்கள். அழைப்பாணை முறையாகச் சேராதபோது, தீர்ப்பாணையை அறிந்த நாளிலிருந்து 30 நாட்கள். கெடு கடந்துவிட்டால், தாமதத்தை மன்னிக்கக் கோரும் தனி மனுவில் தாமதத்துக்கான காரணத்தை விளக்க வேண்டும். எதிர்த்தரப்புக்கு அறிவிப்பு அனுப்பாமல் தீர்ப்பாணையை நீக்க இயலாது. நீக்கும்போது செலவுத்தொகை செலுத்தவோ, வழக்குத் தொகையில் ஒரு பகுதியை வைப்பீடு செய்யவோ நீதிமன்றம் நிபந்தனை விதிக்கலாம்.

வணிக நீதிமன்றங்கள் சட்டம், 2015இன் கீழ் வரும் வழக்குகளில் கண்டிப்பு மேலும் அதிகம். அழைப்பாணை சார்வான நாளிலிருந்து 120 நாட்களுக்குள் எதிருரை, அதாவது பிரதிவாதியின் எழுத்துப்பூர்வ பதில், தாக்கலாகாவிட்டால் அதைத் தாக்கல் செய்யும் உரிமை பறிபோகும் என்பதையும், இவ்வரம்பை நீதிமன்றம் நீட்டிக்க முடியாது என்பதையும் உச்ச நீதிமன்றம் 2019இல் உறுதிசெய்தது. ஆகவே தீர்ப்பாணை நீக்கப்பட்டாலும், எதிருரை இல்லாத பிரதிவாதிக்கு வாதியின் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்வதும் சட்ட வாதங்களை முன்வைப்பதுமே எஞ்சக்கூடும்.

ஒருதலைப்பட்சத் தீர்ப்பாணையை எதிர்த்து மேல்முறையீடும் செய்யலாம். ஆனால் அம்மேல்முறையீடு திரும்பப் பெறப்படாமல் வேறு வகையில் முடிவுக்கு வந்துவிட்டால், விதி 13இன்கீழ் மனு நிலைக்காது. கடன் உண்மையா என்பதற்கு முன்னர் ஏன் வரவில்லை என்பதையே நீதிமன்றம் கேட்கும் என்பதால், தீர்ப்பாணை பற்றி அறிந்தவர் அதன் சான்றிட்ட நகலையும் சார்வு அறிக்கையையும் உடனே பெற்று, நாள் குறித்த ஆதாரங்களோடு மனுச் செய்வதே தம் தரப்பைக் காக்கும் முதல் கடமையாகும்.