சேவைக்கு உறவா, பரோட்டாவுக்கு உறவா?

ஸ்ரீரங்கத்தில் யாராவது உறவினர் வீட்டில் சேவை பிழிவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மூன்று கால்களில் நிற்கும் சேவை நாழியில், ஆவி பறக்கும் மாவு உருண்டையைப் போட்டு ஒருவர் திருகுவார். கீழே வெள்ளை வெளேரென்று நூல் நூலாக இறங்கும். "சீக்கிரம் திருகு, ஆறிடப் போறது!" என்று பாட்டி விரட்டுவார். ஆறினால் என்னவாம்? இந்தக் கேள்வியை முடிந்து வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் ஜப்பானுக்கு ஒரு நடை போய்விட்டு வருவோம்.

ஜப்பானின் ஷிகோக்குத் தீவில் ககாவா என்றொரு சிறிய மாநிலம் இருக்கிறது. அதன் பழைய பெயர் சானுகி. அங்கே மழை குறைவு என்பார்கள். (திருச்சியில் பெய்வதை விட அதிகந்தான்! ஆனால் நமக்குக் காவிரி இருக்கிறது. அவர்களுக்குப் பெரிய ஆறு இல்லை.) அதனால் 10,000க்கும் மேற்பட்ட ஏரி குளங்களை வெட்டி நெல் விளைவித்தார்கள். நெல் அறுத்த வயலில் குளிர்காலத்தில் கோதுமை போட்டார்கள். அந்தக் கோதுமையில் பிறந்ததுதான் 'சானுகி உடோன்'. 2011ஆம் ஆண்டில் அம்மாநிலம் தன்னை 'உடோன் மாநிலம்' என்றே விளம்பரப்படுத்திக்கொண்டது என்றால் பாருங்களேன்!

வாருங்கள், ஒரு கடைக்குள் நுழைவோம். நீண்ட வரிசை. கையில் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு, எத்தனை சுருள் வேண்டும் என்று சொல்ல வேண்டும். சாதாரணப் பசிக்கு ஒன்று, நல்ல பசிக்கு இரண்டு. பல கடைகளில் பரிமாற யாரும் வருவதில்லை. உடோனைச் சல்லடைக் கரண்டியில் போட்டு, கொதிநீரில் நாமே முக்கி எடுக்க வேண்டும். பக்கத்தில் ஒரு குழாய். திறந்தால் சூடான சாறு கொட்டும். சாற்றின் மணம் எங்கேயோ முகர்ந்தது போல இருக்கிறதா? இருக்கும். நெத்திலிக் கருவாட்டில் வடித்த சாறு அது. பிறகு 'சர்ர்' என்று உறிஞ்சிச் சாப்பிட வேண்டியதுதான். நம் வீட்டில் இப்படிச் சத்தம் போட்டால் தலையில் குட்டு விழும். அங்கே யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

உடோன் நூல் சேவையை விட மிகத் தடிமன். கடித்தால் முதலில் விட்டுக்கொடுக்காது; மெல்ல இழுபட்டுப் பிறகுதான் அறும். இந்தக் குணத்துக்கு ஜப்பானியர் 'கோஷி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

சேவையும் வெள்ளை நூல், உடோனும் வெள்ளை நூல். இரண்டும் அக்கா தங்கை என்றுதான் நானும் நினைத்தேன். அரிசி மாவில் உப்பும் பச்சைத் தண்ணீரும் விட்டுப் பிசைந்து, தட்டி, நாடாவாக வெட்டிக் கொதிநீரில் போட்டேன். ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் பாத்திரத்தில் நூலைக் காணோம், கஞ்சிதான் இருந்தது. உப்புப் போட்டிருந்ததால் குடித்துத் தீர்த்தேன்.

எங்கே தவறு? நீங்களே ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு கிண்ணம் மைதாவைத் தண்ணீர் விட்டு நன்றாகப் பிசைந்து, அரை மணி நேரம் மூடி வையுங்கள். பிறகு அந்த உருண்டையைத் தண்ணீருக்குள் வைத்து மெதுவாகக் கசக்குங்கள். தண்ணீர் பால் போல் ஆகும், அது மாவுச்சத்து. தண்ணீரை மாற்றி மாற்றிக் கசக்கினால், கடைசியில் ரப்பர் போன்ற ஒரு பிசின் உருண்டை கையில் மிஞ்சும். இழுத்தால் நீளும். இதுதான் குளூட்டன் என்னும் புரதம். இத்தாலியில் பெக்காரி என்ற அறிஞர் இதை 1728இல் இப்படித்தான் பிரித்துக் காட்டினார். அதே சோதனையை அரிசி மாவில் செய்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது. அரிசியிலும் புரதம் உண்டு. ஆனால் அது வலையாகப் பின்னிக்கொள்வதில்லை.

கோதுமையில் இரண்டு வகைப் புரதங்கள் சேர்ந்து இந்த வலையைப் பின்னுகின்றன. ஒன்று சுருள்வில் போல மீளும். மற்றது வழுக்கி நகர இடம் கொடுக்கும். பிசையப் பிசைய வலை நெருக்கமாகும். உப்பு அதை இன்னும் இறுக்கும். உடோன் மாவு கையால் பிசைய முடியாத அளவு கெட்டியானது. ஆகவே தடித்த உறைக்குள் வைத்துக் காலால் மிதிப்பார்கள்! பிறகு சிறிது நேரம் ஓய்வு கொடுத்து, உருட்டி, மடித்துக் கத்தியால் வெட்டுவார்கள்.

பிசைவது, ஊற வைப்பது, இழுப்பது... எங்கேயோ பார்த்த மாதிரி இல்லை? ராத்திரி சத்திரம் பேருந்து நிலையப் பக்கம் பரோட்டாக் கடை முன் நின்று பாருங்கள். எண்ணெயில் ஊறிய மைதா உருண்டையை மாஸ்டர் கல்லில் விசிறி அடிக்கிறார். அது தாள் போல விரிகிறது, கிழிவதில்லை. அந்த வலையின் வேலைதான் அது. ஆக, திருச்சியில் உடோனுக்கு உறவுக்காரர் தேட வேண்டுமானால் சேவையிடம் போகக்கூடாது. பரோட்டாவிடம் போக வேண்டும்.

அப்படியானால் வலையே இல்லாத சேவை எப்படி நூலாக நிற்கிறது? இப்போது பாட்டியின் அவசரத்துக்கு வருவோம். அரிசியின் மாவுச்சத்துத் துகள்கள் சுமார் 60 முதல் 75 டிகிரி செல்சியஸ் சூட்டில் தண்ணீரைக் குடித்து உப்பிப் பசையாகின்றன. அதனால்தான் மாவை முதலில் வேக வைத்துவிட்டுப் பிழிகிறோம். (இடியாப்பத்துக்கு மாவில் வெந்நீர் ஊற்றுவதும் இதற்காகவே.) அந்தப் பசையில் அமைலோஸ் என்ற நீண்ட மூலக்கூறுகள் இருக்கின்றன. சூடு ஆற ஆற அவை ஒன்றோடொன்று ஒட்டி வரிசை கட்டி இறுகிவிடும். நாழிக்கு வெளியே இறுகினால் உதிரி உதிரியான சேவை. நாழிக்கு உள்ளேயே இறுகினால்? திருகுபவர் பாடு திண்டாட்டந்தான்!

இந்த உறவுமுறை ஒரு சிலருக்கு உயிர்ப் பிரச்சினை. சீலியக் நோய் உள்ளவர்களின் உடல் குளூட்டனை எதிரியாக நினைத்துப் போரிடுகிறது. அந்தப் போரில் சிறுகுடலின் உட்சுவர் சிதைகிறது. குழந்தை நன்றாகச் சாப்பிட்டும் வளராது. வயிறு உப்பும், பேதியாகும். நெதர்லாந்து நாட்டுக் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கெ, வெகு நாட்களாகக் கோதுமை மேல் சந்தேகம் கொண்டிருந்தார். 1944-45 குளிர்காலத்தில், போரினால் அங்கே கடும் பஞ்சம் வந்தது, ரொட்டி கிடைக்கவில்லை. ஊரே பட்டினியில் வாடியபோது இக்குழந்தைகள் மட்டும் தேறினார்கள்! ரொட்டி திரும்ப வந்தது. நோயும் திரும்ப வந்தது. தம் ஆய்வை அவர் 1950இல் வெளியிட்டார். இன்றும் இந்நோய்க்கு ஒரே வழி, ஆயுள் முழுவதும் குளூட்டனைத் தவிர்ப்பதுதான்.

கோதுமை அதிகம் உண்ணும் வடமாநிலங்களில் இந்நோய் கூடுதல். நம் பக்கம் குறைவு. ஆனாலும் உங்கள் வகுப்பில் ஒருவருக்கு இருக்கலாம். அவருக்கு உடோன் ஆகாது, பரோட்டா ஆகாது, ஸ்ரீரங்கம் கோயிலில் துலுக்க நாச்சியாருக்குப் படைக்கும் ரொட்டியும் ஆகாது. அரிசிச் சேவை ஆகும். ஆனால் அதைப் போலவே தோன்றும் சேமியா ஆகாது. கடையில் விற்கும் சாதாரணச் சேமியா கோதுமையில் செய்தது.

இன்னொன்று. எலுமிச்சைச் சேவைக்குத் தாளிக்கும்போது ஒரு சிட்டிகை பெருங்காயம் போடுவோம் அல்லவா? கடைப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மாவு கலந்திருக்கும்; பலவற்றில் அது கோதுமை மாவு. அப்படிப்பட்ட நண்பர் சாப்பிட வருகிறார் என்றால், அம்மாவிடம் சொல்லி முதலில் டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள்.