உங்களுக்குத் தெரியுமா? படலத்தில் பிறக்கும் புற்றுநோய்

புற்றுநோய் என்றாலே உடம்பின் ஆழத்தில் எங்கோ ஒளிந்திருக்கும் நோய் என்றுதான் பலரும் பயப்படுகிறோம். ஆனால் பெரும்பாலான புற்றுநோய்கள் தொடங்குவது உறுப்புகளைப் போர்த்தியிருக்கும் மெல்லிய படலத்தில்தான். அதனால்தான் அவற்றில் பலவற்றை முன்கூட்டியே கண்டுபிடிக்க முடிகிறது.

● தோல், வாய், உணவுக்குழாய், இரைப்பை, குடல், மூச்சுக்குழாய், சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை வாய், மார்பகத்தின் பால் குழாய்கள் என எல்லா இடத்திலும் இருக்கும் இந்தப் படலத்தின் பெயர் எபிதீலியம். இதில் உருவாகும் புற்றுநோய்தான் கார்சினோமா. மனிதர்களுக்கு வரும் புற்றுநோய்களில் 80 முதல் 90 சதவீதம் இந்த வகையே. ரத்தப் புற்றுநோயும், எலும்பு, தசைகளில் வரும் சார்கோமாவும் வேறு வகை.

● வெயில், புகை, மது, கிருமி என வெளியிலிருந்து வரும் பலவும் முதலில் தாக்குவது இந்தப் படலத்தைத்தான். தேய்ந்த செல்களுக்கு ஈடாக இங்கே புதிய செல்கள் பிறந்துகொண்டே இருக்கும். சிறுகுடலின் உட்படலம் 3 முதல் 5 நாட்களுக்குள் புதிதாகிவிடுகிறது. செல் பிரியும் ஒவ்வொரு முறையும் டி.என்.ஏ. நகலில் பிழை நேரலாம். இதயத் தசைச் செல்கள் மிக அபூர்வமாகவே பிரிகின்றன. இதயத்தில் தொடங்கும் புற்றுநோயும் மிக அபூர்வம்.

● எபிதீலியத்துக்குள் ரத்தக்குழாய்கள் கிடையாது. அதன் அடியில் ஒரு சவ்வு இருக்கிறது. கெட்டுப்போன செல்கள் அந்தச் சவ்வைத் தாண்டாத வரை மற்ற உறுப்புகளுக்குப் பரவ வழியில்லை. இந்தக் கட்டத்தில் கண்டுபிடித்து அகற்றினால் பெரும்பாலும் முழுமையாகக் குணமாகிவிடும்.

● பெருங்குடலில் முளைக்கும் பாலிப் என்ற சின்னச் சதை வளர்ச்சி, புற்றுநோயாக மாறப் பெரும்பாலும் 10 வருடம் போல ஆகும். குழாய் விட்டுக் குடலைப் பார்க்கும் கொலனோஸ்கோப்பி செய்யும்போதே அதை நறுக்கி எடுத்துவிடலாம். வரப்போகும் புற்றுநோய் அத்தோடு தடுக்கப்படுகிறது.

● தொழிலால் புற்றுநோய் வரும் என்று 1775லேயே எழுதியவர் லண்டன் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட். சிறு வயதிலிருந்தே புகைபோக்கிக்குள் இறங்கிச் சுத்தம் செய்தவர்களுக்கு விதைப்பைத் தோலில் புற்று வருவதைக் கண்டு, தோலில் படிந்த கரிதான் காரணம் என்றார். 1915இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் யமகிவாவும் இச்சிகாவாவும், முயல் காதில் தொடர்ந்து தாரைத் தடவிப் புற்றை உருவாக்கிக் காட்டினார்கள்.

● காஷ்மீரில் குளிருக்காகக் கனல் நிறைந்த காங்கிரிச் சட்டியை உடைக்குள் அணைத்துக்கொள்வார்கள். வருடக்கணக்கில் சூடு பட்ட வயிற்றுத் தோலிலும் தொடையிலும் வரும் புற்றுக்குக் காங்கிரிப் புற்று என்றே பெயர். ஆந்திரக் கடலோரத்தில் சுருட்டின் நெருப்பு முனையை வாய்க்குள் வைத்துப் புகைக்கும் பழக்கமுள்ள பெண்களுக்குப் புற்று வருவது மேல் அண்ணத்தில்.

● புகையிலை சேர்க்காத வெறும் பாக்கும் ஆபத்துதான். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் பாக்கைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று அறிவித்தது. பாக்கு மென்று மென்று கன்னத்தின் உள்பக்கம் இறுகி, வாயைத் திறக்கவே முடியாமல் போகிறவர்கள் உண்டு. அது புற்றாக மாறக்கூடிய நிலை.

● கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் எச்.பி.வி. வைரஸ். இதைக் கண்டறிந்த ஜெர்மானியர் ஹரால்ட் சூர் ஹாசனுக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது. 17 வயதுக்கு முன்பே தடுப்பூசி போட்டுக்கொண்ட பெண்களுக்கு இந்தப் புற்றுநோய் 88 சதவீதம் குறைந்திருந்ததை 2020இல் வெளியான சுவீடன் ஆய்வு காட்டியது.

● இந்தப் புற்றுநோயைத் தடுப்பதில் நம் திண்டுக்கல் மாவட்டத்துக்குப் பெருமைக்குரிய இடம் உண்டு. அங்கே 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களுக்கு, பயிற்சி பெற்ற செவிலியர்கள் கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தை, அதாவது வினிகரில் இருக்கும் அதே அமிலத்தைத் தடவிவிட்டு ஒரு நிமிடம் காத்திருந்து பார்த்தார்கள். கோளாறு இருந்தால் அந்த இடம் வெளுத்துத் திட்டாகத் தெரியும். தேவைப்பட்டவர்களுக்கு அந்த இடத்தை உறையவைத்து அழிக்கும் சிகிச்சையும் கிடைத்தது. ஒரே ஒரு முறை செய்த இந்தச் சோதனையால் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் மரணங்கள் 35 சதவீதம் குறைந்தன என்று 2007இல் லான்செட் இதழ் வெளியிட்டது. பெரிய இயந்திரம் எதுவும் தேவைப்படவில்லை.

● திருவனந்தபுரத்தில் சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்ததிலேயே, புகையிலை, மது பழக்கம் உள்ளவர்களிடம் வாய்ப் புற்றுநோய் மரணங்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. நீங்களும் கண்ணாடி முன் நின்று நாக்கின் இரு ஓரம், நாக்கின் அடி, கன்னத்தின் உள்பக்கம், ஈறும் கன்னமும் சேரும் மடிப்பு ஆகியவற்றைப் பாருங்கள். வெள்ளை அல்லது சிவப்புத் திட்டோ, இரண்டு மூன்று வாரமாகியும் ஆறாத புண்ணோ இருந்தால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

● ஆரம்பக் கட்டப் புற்று பெரும்பாலும் வலிக்காது. “வலியே இல்லையே, பார்த்துக்கலாம்” என்று தள்ளிப்போடுவதில்தான் பல உயிர்கள் போகின்றன. 30 வயதைக் கடந்த பெண்களுக்கான கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை தமிழ்நாட்டின் அரசு மருத்துவமனைகளில் இலவசம். அம்மாவையும் அக்காவையும் அழைத்துப் போங்கள். அப்பாவின் பாக்குப் பொட்டலத்தைப் பற்றி இன்று இரவே அவரிடம் பேசுங்கள்.